ஐந்தாவது வீடு

பத்து ரூபாய்த் தாளின் கடைசி எண்
ஐந்து.
அதனால் பூம்பாறையில் இன்று
கோயில் தெருவின் ஐந்தாவது கதவிலிருந்து தொடங்கி
ஐந்தைந்தாய்த் தாண்டிப் போகவேண்டும்.
அதே தாளைக் கொடுத்துத்தான் டீ குடித்தேன்.

கடினமான, சமமான தரையில் வைக்கவும் என்கிறது
எடைக் கருவியின் கையேடு.
இந்த ஊரில் சமமான தரை
பஸ் திரும்புமிடத்தில் மட்டும்தான்.
அங்கே பஸ் நிற்கிறது.

முத்தழகு பூண்டு காயவைக்கும் பலகையை எடுத்துவந்து போட்டாள்.
ஒரு மூலைக்கடியில் கல்,
கல்லுக்கடியில் மடித்த காலண்டர் அட்டை.
ஏறி நின்றாள்: நாற்பத்தொன்று புள்ளி மூன்று.
பலகையைத் திருப்பிப் போட்டு ஏறச் சொன்னேன்:
நாற்பத்திரண்டு புள்ளி எட்டு.
"வடுகபட்டி மண்டியிலயும் இப்படித்தான்,
மூட்டைக்கு ரெண்டு கிலோ எங்கயோ போயிரும்."
மூன்றாவது முறையும் நிறுத்துச்
சராசரியை எழுதினேன்.

கடந்த பதினான்கு நாட்களில் காய்ச்சல்?
விரல் மடக்கி எண்ணினாள்.
"விட்டுப் பதினாறு நாளாச்சு."
'இல்லை'யைத் தொட்டேன்.
திரை அடுத்த கேள்விக்கு நகர்ந்தது.
அவள் இன்னும்
அந்தக் காய்ச்சலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்,
வெங்காயம் மாதிரி உடம்பு வெந்ததை,
கம்பளி மூன்று போர்த்தியும் பல் அடித்ததை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.
உணவுப் பகுதி முடிவதற்குள் ஆறு முறை.
பிறகு இருமியவரே வந்து நின்றார்,
குழந்தைவேலு, வாசலைப் பிடித்துக்கொண்டு.
"எங்க வீட்டுக்கு எப்ப?"
"நீங்க நாலாவது வீடுண்ணே."
"நாலுக்கு என்ன?"

எல்லா வீட்டுக்கும் சமமான வாய்ப்பு உண்டு
என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை
அப்படியே சொன்னேன்.
"அப்ப அடுத்த தடவ
நோட்டப் பாத்து எடும்மா" என்று
சிரிக்கப் போய்
குனிந்துவிட்டார். நிமிர நேரமானது.
எத்தனை நாளா என்று கேட்டேன்.
கேட்கக் கூடாது, படிவத்தில் அவர் இல்லை.
தை பிறந்ததிலிருந்து என்றார். இப்போது பங்குனி.

பையில் சளிக் குப்பிகள் இருபது,
கையெழுத்துப் போட்டு வாங்கியவை.
ஒன்றில்
வீட்டு எண் எழுதவேண்டிய கோட்டின்மேல்
அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
"காலைல எந்திரிச்சதும் வாய் கொப்பளிச்சுட்டு.
நர்ஸம்மா பத்து மணிக்கு வருவாங்க."
வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம்
இருப்புக் கணக்கில் பத்தொன்பது.
குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
சரிவில் உருண்டு போய்விட்டது
என்று எழுதினேன்.
இந்த ஊரைப் பார்த்தவர் யாரும்
சந்தேகப்பட மாட்டார்கள்.