நான்கு நிமிடம் ஆளில்லை

திபிலிசியில், தொடர்களுக்கு அடியில் ஓடும் வரிகளை
எழுதுவது என் பிழைப்பு.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
ஆறு நொடிக்கு மேல் எந்த வரியும் நிற்கக்கூடாது.
நேற்று ஒரு மருத்துவர் மழையில் நின்று அழுதார்.
மூன்றாம் முறை ஓட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்,
மழை அவர் தோளில் மட்டும்;
பின்னால் நிற்கும் கார் காய்ந்து கிடக்கிறது.
ஆனாலும் அழுதேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை சலவை இயந்திரம் நின்றுபோனது
வயிறு நிறையத் தண்ணீரோடு.
பழுது பார்ப்பவர் செவ்வாய் வருவதாகச் சொன்னார்.
எந்த மாதத்துச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

தேடியதில் கிடைத்தவர் ருஸ்தாவி ஊர் ஸாவுர்.
அறுபத்தொரு பேர் பார்த்த காணொளி.
ஒரு கையில் கைபேசி, மறுகையில் திருப்புளி;
முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை.
கறுத்துப்போன கட்டைவிரல் நகம்தான் முகம்.
"இந்தத் திருகாணி கழலாது" என்றார்.
கழலவில்லை.
இயந்திரம் செய்தவனைத் திட்டினார், அவன் ஊரைத் திட்டினார்,
யாரோ கூப்பிட, "இதோ" என்று
கைபேசியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

நான்கு நிமிடம் ஆளில்லை.
தரை. வாளி. ஒற்றை ஈரக் காலுறை.
அடுத்த அறையில் சூப் குடிக்க மறுக்கும் ஒரு குழந்தை.

எங்கள் அலுவலகத்தில் இதை வெட்டியிருப்பார்கள்.
வெட்டத் தெரிந்தவர்களைக் குறை சொல்லவில்லை,
அவர்கள் புண்ணியத்தில்தான் என் வாடகை.
ஆனால் எனக்கு முன்னே ஓட்டிவிட மனம் வரவில்லை.
குளியலறைத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்
சொல்லாமல் விருந்துக்கு வந்தவள் மாதிரி.

திரும்பி வந்து, "எங்கே விட்டேன்?" என்றார்.
"திருகாணி" என்றேன், சத்தமாகவே.

அவருடைய வடிகட்டியில் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது.
என்னுடையதில்
நூல், சில்லறை, அப்புறம்
ஓபரா அரங்கில் கோட்டுக்குப் பதிலாகத் தரும் வில்லை.
எண் நூற்றுப் பதினான்கு.
ஒத்தாரும் நானும் ஓபராவுக்குப் போனதேயில்லை.
வில்லை இங்கே என்றால்
யாருடைய கோட்டோ இன்னும் அங்கே தொங்குகிறது.

துவைத்தேன். நன்றாக ஓடியது, ஸாவுர் வாழ்க.
அறுபத்திரண்டாவது ஆள் நான்.

மாலை ஒத்தார் வந்து, மேசையில் இருந்ததைப் பார்த்தான்.
வெளியே மழையில்லை. பின்னணி இசையில்லை.
குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமியது.
அவன் வாயைத் திறந்து மூடினான்.
பழக்கதோஷம், எண்ணினேன்:
நான்கு, ஐந்து, ஆறு,
ஏழு.