தாளுக்கு உயரம் கிடையாது

தொப்பி எண்ணத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.
வில்லுக்குறிக்கு மேற்கே, குளத்தைத் தாண்டும் பாலத்தில்
ஆறாவது தூணடியில், காலை ஏழேகாலுக்கு
நூற்றுப்பதினெட்டுத் தலைகள்.
கொக்கி, கயிறு, காலணி.
அரைகுறை இந்தியில் ஐந்து நிமிடப் பேச்சு.
பதிவேட்டில் கையெழுத்து.
பிறகு ரசவடை.

போன ஆண்டு மூன்றாவது தூணில் சாரம் சரிந்தது.
பித்யாதர் மாஜிக்கு இடுப்பெலும்பு போயிற்று.
விசாரணைத் தாளில், காரணம் என்ற கட்டத்தில்,
'கவனக்குறைவு' என்று எழுதியது நான்.
அவன் கவனமாகத்தான் இருந்தான்.
அது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

கன்டெய்னர் அறையில், ஏசிக்கு அடியில்
பிளானிங் அஜின் ஒட்டிவைத்த ஆறடித் தாள்.
நீலக் கட்டை, சிவப்புக் கட்டை, குறுக்கே அம்புகள்.
யாரோ காயப்போட்ட கைலி என்றுதான்
அதுவரை அதைக் கடந்து போயிருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து
ஒவ்வொரு வரியாகப் படித்தேன்:
எது முடிந்தால் எது தொடங்கும்,
எது நின்றால் எல்லாம் நிற்கும்,
எதற்கு மட்டும் கொஞ்சம் மிதக்க நாள் உண்டு.

பழைய திருத்தங்களைக் கேட்டு வாங்கினேன்.
மூன்றாவது தூண்.
வரி இருநூற்றுப் பதினாலு: சாரம் கட்டல், இரண்டு நாள்.
வரி இருநூற்றுப் பதினைந்து: கம்பி கட்டல், மறுநாள் காலை.
நடுவில் ஒரு விரல்கூட நுழையாது.
நான் ஏறிப் பார்த்து
பச்சைச் சீட்டு மாட்ட வேண்டிய அரைநாள்
நாட்காட்டியில் பிறக்கவே இல்லை.
மாஜி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
விழத் தொடங்கியது
அதற்கு ஐந்து வாரம் முன்பு, இந்தக் குளிர்ந்த அறையில்.

இப்போது திருத்தம் பன்னிரண்டு.
வைகாசிக் கடைசி, வியாழன்.
வரி முந்நூற்று ஆறு: கிரேன், நாற்பது டன் கர்டர் தூக்கும்.
வரி முந்நூற்று நாற்பது: பதினாலு பேர் கம்பி கட்டுவார்கள்.
அதே நாள். அதே தூண். மேலும் கீழும்.
தாளில் அவை தூரத்து வரிகள்.
தாளுக்கு உயரம் கிடையாது.

"இடவப்பாதி இறங்குகதுக்கு முன்ன ஸ்லாப் முடியணும், கேட்டியா?
நாள் ஒண்ணுக்கு அபராதம் எவ்வளவுன்னு தெரியுமா?
உனக்க வேல தொப்பி எண்ணுறதாக்கும்"
என்றார் பென்னட் சார்.
சன்னலுக்கு வெளியே வேளிமலை தலையில்
அவர் சொன்ன மழை நின்றுகொண்டிருந்தது.

முந்தைய சுஜா சட்டப் பிரிவைச் சொல்லியிருப்பாள்.
அல்லது பாத்ரூமில் போய் அழுதிருப்பாள்.
நான் தாளை அவர் பக்கம் திருப்பினேன்.
"கம்பி கட்டலுக்கு மூணு நாள் மிதவை இருக்கு சார்.
வடிகால் சுவர் திங்கள்கிழமை தொடங்கணும்.
அந்தப் பதினாலு பேரையும் வியாழனே அங்க அனுப்பலாம்.
கடைசித் தேதி அசையாது."

மட்டிப்பழம் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே பார்த்தார்.
பழம் முடிந்தது.
"அஜினே, இவ சொல்லுகது சரியாடே?"
அஜின் தட்டிப் பார்த்தான்.
கடைசித் தேதி அசையவில்லை.

வியாழன் பதினொன்றரைக்குக் கர்டர் ஏறி உட்கார்ந்தது.
ஒன்றும் விழவில்லை.
கீழே ஒருவரும் இல்லை.
நான் படம் எடுத்தேன்: வெறும் மண்,
யாரோ மறந்த தண்ணீர் பாட்டில்.
நடக்காததற்கு அளவுப் புத்தகத்தில் பத்தி இல்லை.
மாத அறிக்கையில் அந்தப் படத்தைப் பார்த்துத்
தலைமையகத்தில் கேட்டார்கள்,
"இதில் என்ன இருக்கிறது?"

திருத்தம் பதின்மூன்று நேற்று வந்தது.
நான் கெஞ்சிச் சேர்த்த 'சாரம் ஆய்வு, நாலு மணி நேரம்'
அதில் காணவில்லை.
யாரும் வேண்டுமென்று நீக்கவில்லையாம்,
சுருக்கும்போது போயிருக்கும்.
மறுபடி அடித்தேன்.
இந்த முறை முன்னும் பின்னும் அம்பு கட்டினேன்,
உருவினால் இரண்டு பக்கமும் இழுபடும்படி.

பழைய விசாரணைத் தாளையும் எடுத்தேன்.
'கவனக்குறைவு' மேல் ஒரு கோடு.
பக்கத்தில் எந்தப் பெயரை எழுதுவது?
அஜினுடையதா, பென்னட் சாருடையதா, என்னுடையதா.
வெகுநேரம் பேனா அப்படியே நின்றது.
கடைசியில் எழுதினேன்:
இருநூற்றுப் பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில்.