பெயர் நீக்கம்

எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
விமான நிலையத்துப் பக்கம் ஓர் ஓட்டலின் அடித்தளத்தில்
வருடாந்திர நாணயச் சந்தை.
எங்கள் மேசை கழிப்பறைக்குப் போகும் வழியில்,
அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஹாக்கித் தொப்பிக்காரர் ஒருவர் குனிந்து கேட்கிறார்:
இருப்பதிலேயே மலிவான சக்கரவர்த்தி யார்?

நாலு டாலர் தட்டைத் தள்ளுகிறேன்.
கான்ஸ்டன்டைனின் பிள்ளைகள்.
மூன்று பேருக்கும் ஒரே மூக்கு, ஏறக்குறைய ஒரே பெயர்.
சித்தப்பாக்களை, சித்தப்பா மக்களைத் தீர்த்தபின்
ராஜ்ஜியத்தைப் பங்கு வைத்தார்கள்,
அப்புறம் பங்கில் சண்டை.
எஞ்சியவன் நெடுநாள் இருந்தான்.
புளியங்கொட்டையாய் அடித்துத் தள்ளினான்.
ஐந்து எடுத்தால் ஒன்று இலவசம்.

விலைகூடியவர்கள் கண்ணாடிக்குள்.
முதலாம் கோர்டியன். எண்பதை ஒட்டிய வயது,
அரியணையில் மூன்றே வாரம்.
மகன் களத்தில் விழுந்த சேதி வந்ததும்
கிழவர் இடுப்புக் கச்சையை அவிழ்த்து
உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார்.
அந்த மூன்று வாரத்தின் விலை
என் கார்க் கடனில் பாதி.
சீக்கிரம் செத்தவனை அவசரப்பட்டு விற்காதே
என்பார் முதலாளி ஒஸ்டாப் ஹ்ரின்கிவ்.

என் வேலை எழுதுவது.
எடை, உலோகம், விட்டம், கடைசியில் பெயர்.
சின்னக் காகித உறை, கூர் சீவிய பென்சில்.
பெயர் இல்லாத காசு போகாது.

இன்று காலை ஒன்றைக் கையில் வைத்தார்.
கனத்த வெண்கலம், ஆசியக் கரையில் ஏதோ ஒரு நகரம் அடித்தது.
இடப்பக்கம் காரகல்லா, தாடி, முறைப்பு.
எதிரே அவனைப் பார்த்தபடி ஒரு முகம் இருந்திருக்க வேண்டும்.
உளியால் சுரண்டி
பிறகு யாரோ பொறுப்பாகத் தேய்த்தும் விட்டிருக்கிறார்கள்.

தம்பி கெட்டா.
அம்மாவின் மடிக்கு ஓடியவனை
மடியிலேயே குத்தினார்கள்.
அவள் அழக்கூடாது என்று உத்தரவு.
ஊர் ஊராக ஆள் போனது:
கல்லில், வளைவில், சில்லறையில்கூட
அப்படி ஒருவன் இருந்ததே இல்லை.

முகம் இருந்திருந்தால் நூற்றிருபது டாலர், என்றார் ஒஸ்டாப்.
இல்லாததால் அறுநூறு.

இதற்கு லத்தீனில் ஒரு பேர் சொன்னார்.
எனக்குத் தமிழிலேயே தெரியும்.
மன்னார்குடி வட்ட வழங்கல் அலுவலகம்,
எங்கள் குடும்ப அட்டை, நாலாவது வரி,
ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு,
பக்கத்தில் முத்திரை: பெயர் நீக்கம்.
கல்யாணத்துக்கு மறுவாரம்.
ஒரு கிலோ சர்க்கரை குறைந்தது என்று
அம்மா அன்றைக்கு முணுமுணுத்தாள், வேறொன்றும் சொல்லவில்லை.

கைப்பையில் அண்ணன் அனுப்பிய கூரியர்.
விடுதலைப் பத்திரம்.
மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும்
பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.
யார் யாரை விடுதலை செய்கிறார்கள் என்று
பத்திர எழுத்தர் விளக்கவில்லை.

அண்ணன் காரகல்லா அல்ல. நல்லவன்.
தினம் காலையில் ஒரு சாமி படம் அனுப்புவான்.
நான் கையெழுத்திட வேண்டிய இடங்களில்
பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறான்,
மெல்லிசாக, பிறகு அழிக்க வசதியாக.
ஒன்பது.

பதினொரு மணிக்குக் காப்பி இயந்திரத்தில் காசு போட்டேன்.
செத்துப்போன ராணியை அது திருப்பித் துப்பவில்லை.

காரகல்லா என்று மட்டும் எழுது,
மற்றதுதான் பார்த்தாலே தெரியுமே, என்றார் ஒஸ்டாப்.

கெட்டா என்று எழுதினேன்.
அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி.

ஹாக்கித் தொப்பிக்காரர் திரும்பி வந்திருந்தார்,
உள்ளங்கையில் ஆறு காசு.
இதில் எது யார்?

அண்ணன் தம்பிகள்தான், என்றேன்.
பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.