இடது பின்னங்கால், லேசாக

மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது.
ஓஸ்டர்சுண்ட். டிசம்பர்.
மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு
அடுத்த கோரிக்கையைத் திறக்கிறேன்.

நாய். பெயர் புல்டர். வயது ஒன்பது.
உரிமையாளர் ஹால்வர் நேஸ்லுண்ட்,
சாலையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவர்.
முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது.
கத்தி, தையல், எக்ஸ்ரே, மயக்க மருந்து,
இரண்டு இரவு, ஒரு பிளாஸ்டிக் கழுத்துக்கூடை:
நாற்பத்தோராயிரம் குரோனர்.

முதல் மூவாயிரம் அவர் தலையில்.
மிச்சத்தில் நூற்றுக்குப் பதினைந்தும் அவர் தலையில்.
அதற்கப்புறம்தான் நாங்கள்.
முப்பத்திரண்டாயிரத்து முந்நூறு,
அல்லது பூஜ்யம்.
நடுவில் ஒன்றும் கிடையாது.

எட்டு வருடம், மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார்.
ஆரம்பத்தில் இருநூற்றுப் பத்து,
இப்போது அறுநூற்றெண்பது.
நாய் ஏறும் படிகள் குறையக் குறைய
தவணை தானாகப் படியேறுகிறது.

சிக்கல் ஒரே ஒரு வரி.
பாலிசி போட்ட பதினோராம் நாள்,
காத்திருப்புக் காலம் இருபது நாள் முடியுமுன்,
தடுப்பூசிக்குப் போன இடத்தில்
யாரோ ஒரு மருத்துவர் எழுதிவைத்தது:
'இடது பின்னங்கால், லேசாக நொண்டல்.'

லேசாக.
ஊதினால் பறக்கிற சொல்.
எட்டு வருடம் கோப்பில் கிடந்து
இரும்பாகிவிட்டது.
'முன்பே இருந்த நோய்' என்ற கட்டத்தில்
நான் ஒரு குறி போட்டால் போதும்,
எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஹால்வரின் கடிதம், பென்சிலில்:
"அது நோயில்லை. விரலிடுக்கில் பனி உருண்டை.
க்ளினிக் வாசலில் மண்டிபோட்டு,
பாதத்தை வாயருகே பிடித்து
ஊதி ஊதி உருக்கினேன்.
உள்ளே போனபோது கால் மரத்திருந்தது.
கிளம்பும்போது ஓடினான்.
ஓடினதை யாரும் எழுதவில்லை."

உண்மைதான்.
எங்களிடம் வரும் தாள்களில்
எந்த நாயும் ஓடுவதில்லை.

க்ளினிக்குக்குப் போன் போட்டேன்.
அது கைமாறி நாலு வருடமாகிறது.
எழுதிய மருத்துவர் நார்வே பக்கம் போய்விட்டாராம்,
இப்போது ஆடுகளைப் பார்க்கிறாராம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
என் வீட்டில் பதிமூன்று வயதுப் பூனை.
பெயர் க்ரோட். கஞ்சி என்று அர்த்தம், நிறமும் அதுதான்.
அவளுக்கும் எங்கள் கம்பெனி பாலிசிதான்.
ஏப்ரலில் நகம் வெட்டக் கொண்டுபோனபோது
மூன்று தும்மல் தும்மினாள்.
மருத்துவர் பேனாவை எடுத்தார்.

"இதை எழுத வேண்டாம்" என்றேன்.

யோசிக்கவேயில்லை, வாய் முந்திக்கொண்டது.
என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை
அவர் ஒருமுறை படித்தார்.
பேனாவை மூடினார்.

அதனால் ஹால்வருக்கு எழுதினேன்:
அந்த நாளின் படம் ஏதாவது இருக்கிறதா?
ஐந்து மணிக்குள் வந்துவிட்டது.
மனைவி வெண்ட்லா எடுத்தது, மூலையில் தேதி.
க்ளினிக் வாசல். குனிந்த ஒரு கம்பளித் தொப்பி.
நாயின் ஒரு காது.
பாதம் தெரியவில்லை.
பாதம் இருக்க வேண்டிய இடத்தில்
வெள்ளையாக ஒரு மூச்சு.

படிவத்தில் மூச்சுக்குக் கட்டம் இல்லை.
'இணைப்பு நான்கு' என்று பெயர் போட்டுச் சேர்த்தேன்.
குறி போட வேண்டிய இடத்தை இன்னும் தொடவில்லை.
காலையில் இங்யெர்ட் வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இதில் என்னதான் தெரிகிறது என்பாள்.
பதில் ஒன்று தயார் செய்ய வேண்டும்.

வீட்டில், ரேடியேட்டர் மேல்,
க்ரோட் தும்முகிறாள்.
ஒன்று.
இரண்டு.
எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறேன்.