நடத்தை: நன்று

பதினாறு வருசமாய் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறேன்.
பதினோராவது கட்டத்தில் ஒரே சொல்தான்:
நன்று.
கல்லெறிந்தவனுக்கும் நன்று.
கல் பட்டுக் கண் வீங்கியவனுக்கும் நன்று.
வருசம் முழுக்க யாரோடும் பேசாமல்
கடைசி பெஞ்சில் இருந்துவிட்டுப் போனாளே,
அந்தப் பூதகுடிப் பெண்,
அவளுக்கும்.
பேனா தானாக எழுதும்.
நான் அப்போது சிலிண்டர் எப்போது வருமென்று
யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை
குழாயடியில் வைத்து
ஒன்பதாம் வகுப்பு வீரணன்
இன்பராஜின் மூக்கை உடைத்தான்.
ஏனென்று இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.
"டி.சி.யைக் கிழிச்சுக் குடுத்துருங்க மேடம்"
என்றார் பி.டி. மாஸ்டர் அருளானந்து,
விசில் இன்னும் வாயோரத்தில்.

எழுதினேன். பத்துக் கட்டம் முடிந்தது.
படிவத்தின் மேல் ஒரு கை விழுந்தது.
தலைமையாசிரியை ஜெயக்கொடி.
வளையல் ஈர மசியில் பட்டு
ஒரு பாதி வட்டம் இழுத்தது.
"கொஞ்சம் பொறுங்க."

சனிக்கிழமை சத்துணவுக் கூடத்தில்
கழுவிவிட்ட தரை காயுமுன்னே உட்கார்ந்தோம்.
சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்
யானைமலை, எப்போதும்போல் படுத்தபடி.
வாத்தியார்கள், பசங்கள், பெற்றோர், வாட்ச்மேன்,
வேன் ஓட்டும் சிக்கந்தர்,
கரண்டியைக் கீழே வைக்க மறந்து வந்த ஒச்சம்மா.
"இன்னைக்கு உள்ளே எப்படி இருக்கு?
ஆளுக்கு ஒரு சொல்."

"உள்ளன்னா, வயித்துலயா?" ஒச்சம்மா கேட்க
கூடமே சிரித்தது.
சிரிப்பு அடங்கியபின் அவளே சொன்னாள்:
"பயம்.
முட்டை எண்ணிக்கை இடிக்கிற அன்னைக்கெல்லாம்."
வாட்ச்மேன் சொன்னது, தூக்கம்.
அது உணர்ச்சியில்லை என்றார் அறிவியல் சார்.
தலைமையாசிரியை அதையும் எழுதிக்கொண்டார்.
மாஸ்டர் எழுந்தார், உட்கார்ந்தார்,
விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.
"எனக்கு இது ஊதத்தான் தெரியும்.
வேற மாதிரி கூப்பிடத் தெரியல."

வீரணன் வாயே திறக்கவில்லை.
அவன் அம்மாதான்:
"இவுக அப்பா திருப்பூர் போயி நாலு மாசம்.
போனு போகல."
மூக்கில் பிளாஸ்திரியோடு
இன்பராஜ் தரையைப் பார்த்துச் சொன்னான்:
"அதைச் சொல்லித்தான் நான் சிரிச்சேன்."

என் முறை வந்தது.
இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு எழுதிய அந்தச் சொல்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
விழுங்கினேன்.
"தெரியல" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
செவ்வாய்க்கிழமையே குழாயடியில் மறுபடி சத்தம்.
மாசத்தின் முதல் சனிக்கிழமைக்குப்
பாதிப் பேர் வருவதில்லை.
கணக்கு சார் வருகிறார்,
விடைத்தாள் கட்டோடு.
மாஸ்டர் ஊதத்தான் செய்கிறார்,
ஆனால் முதலில் பேரைச் சொல்லிப் பார்க்கிறார்.
தட்டு நீட்டும் வரிசையில் ஏதோ ஒரு வாண்டு:
"முட்டை சரியா இருக்காக்கா?"
ஒச்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைப்பது
அடுப்புச் சூட்டினாலும் இருக்கலாம்.

வீரணனின் பாதிப் படிவம் என் டிராயரில்.
பதினோராவது கட்டத்தில் வளையல் கீறல்.

இந்த வருசமும் நன்று என்றே எழுதுகிறேன்.
படிவம் அந்த அளவுக்குத்தான் இடம் விட்டிருக்கிறது.
ஆனால் அந்தக் கட்டம் வந்ததும்
பேனாவை மூடி நிமிர்கிறேன்.
"எந்தப் பள்ளிக்கூடம் போற?
அங்க உனக்கு யாரையாச்சும் தெரியுமா?"
பதில் வர நேரமாகிறது.
வெளியே வெயிலில் வரிசை முனகுகிறது.
முனகட்டும்.