பதினாறு வெள்ளை

வான்கூவரில், கிங்ஸ்வே சாலையில்,
செயற்கைப் பல் செய்யும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை.
வெள்ளை பதினாறு வகை என்கிறது அங்குள்ள பட்டி.
யாரோ ஒருவருடைய ஈறின் அருகே பிடித்து
இது ஏ இரண்டு, இது பி மூன்று என்று குறித்துக்கொள்வேன்.
தவறினால் சிரிப்பில் தெரிந்துவிடும்.

மாலையில் ஆறாம் மாடி.
எதிர்க் கூரையில், குளிரூட்டிப் பெட்டிக்கும்
புகைக்குழாய்க்கும் நடுவே, சரளைக்கல்லின் மேல்
மே பதினேழிலிருந்து உட்கார்ந்திருக்கிறது
கடற்காக்கை.
இத்தனை வெளுப்புக்குக் காக்கை என்று பெயரிட்டவர்
குரலை மட்டும் கேட்டிருப்பார்.

பார்த்ததைத்தான் வரைவேன். கற்பனை எனக்கு வராது.
கழுத்துக்கு ஏ ஒன்று என்று தொடங்கினேன்; பொய்.
மழைக்கு முன் அது சுண்ணாம்பு,
ஏழு மணி வெயிலில் பால்கட்டி,
வயிற்றடியில் சரளையின் சாம்பல் ஏறி
பதினாறில் எதிலும் சேராத ஒன்று.
வெள்ளைக் குழாய் பாதிகூடத் தீரவில்லை.
நீலம் இரண்டு தீர்ந்துவிட்டது.

கூட்டில் காய்ந்த புல், பாசி,
காபிக் கோப்பையின் மூடி, யாருடையதோ ஷூ நாடா.
மூடியை மட்டும் விட்டுவிடேன் என்றார் கீழ்வீட்டு மார்கிட்.
அது தேடிக் கொண்டுவந்து வைத்தது,
எடுத்தெறிய நான் யார்?

ஒருநாள் எழுந்து நின்றபோது மூன்று முட்டைகள்.
பாசி நிறத்தில் காபித்தூள் சிந்தியதுபோல.
புள்ளி புள்ளியாக ஒன்பது மாலை.

ஜூன் நான்கு, பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன்:
காக்கை. பெயரிலும் நிறத்திலும் காக்கை.
இது அலறி, துரத்தி, திரும்புவதற்குள்
ஒன்று குறைந்துவிட்டது.
வந்தது. இரண்டையும் அலகால் புரட்டியது.
மார்பைச் சரித்து மெல்ல அமர்ந்தது.
எண்ணியதா, தெரியாது.

படத்தில் மூன்று.
சுரண்டும் கத்தியை எடுத்தேன். வைத்தேன்.
பிள்ளைகள் எத்தனை என்று கேட்கும் படிவங்களில்
நானும் இரண்டு என்றுதான் நிரப்புகிறேன்.

பிறகு, பறவையை உட்காரவைத்தேன்.
நின்ற கால்களின் இளஞ்சிவப்பை மூடி
இறகு இறகாக, பதினொரு மாலை,
வயிற்றை முட்டைகளின் மேல் இறக்கினேன்.

மார்கிட் வந்தார். முட்டையெல்லாம் எங்கே என்றார்.
அடியில் இருக்கின்றன.
எத்தனை?
கெட்டில் கொதித்தது, தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்
மூன்று இடத்தில் சாயம் லேசாகப் புடைத்திருக்கிறது.
இன்னும் காயவில்லை.

கீழலகின் சிவப்புப் பொட்டு ஒன்றுதான் பாக்கி.
பசித்த குஞ்சு கொத்திக் கேட்பது அந்த இடத்தைத்தான்.
நேற்றிரவு ஓட்டில் ஒரு கீறல் கண்டேன்,
அல்லது சரளையின் நிழல்.
சிவப்பை இன்னும் திறக்கவில்லை.