எண் பதினேழின் பசி

குஞ்சப்பனை வளைவில் யானை நின்றதால்
நாற்பது நிமிடம் பிந்தி வந்தது ஐஸ் பெட்டி.
உள்ளே
வீரமலையின் கல்லீரலில்
ஒரு புளியங்கொட்டை அளவு.

கோயம்புத்தூரில் தையல் போட்ட கையோடு
ஜெசிந்தாவே ஓட்டி வந்துவிட்டாள்.
மூக்கின் மேல் முகக்கவசத்தின் தடம்
இன்னும் மறையவில்லை.
"பேர் எழுதிக்கோ" என்றாள் என்னிடம்.
"பேர் கூடாது" என்றார் பெள்ளி போஜன்
கையுறையை இழுத்துக்கொண்டே.
பேனா என்னிடம் இருந்தது.
கே. பதினேழு என்று எழுதினேன்.

கல் என்றும் ஈரம் என்றும்
ஒரே உறுப்புக்குப் பேர் வைத்தவன்
கத்தி பிடித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.
நல்ல பக்கம் நுங்கு போல வழுக்கும்.
கட்டி உள்ள பக்கம் பிஞ்சுக் கொய்யா,
பிளேடு நின்று நின்று போகும்.

குடிகார ஈரல் என்றது ஊர்.
அவர் ஆயுசுக்கும் குடித்தது
பாக்டரி வாசலில் ஊற்றும் டஸ்ட் டீ.
இது பிறக்கும்போதே
தாயிடமிருந்து ஒட்டிவந்த வைரஸ்.
ஏழு வயதில் கப்பலேறி வந்தபோது
மண்டபம் முகாமில்
பாய், தலையணை, தகர டிரங்கு
எல்லாம் பிரித்துப் பார்த்தார்கள்.
இதை யாரும் கேட்கவில்லை.
நாற்பத்தெட்டு வருஷம் கழித்து
ஜெசிந்தா கேட்டாள்.

எங்கள் கூடம் முன்பு உருளைக்கிழங்குக் கிடங்கு.
மழை நாளில் இன்னும் தரையிலிருந்து மண் வாசம் ஏறும்.
கோத்தகிரியில் கரண்ட் போனால்
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
உறைபெட்டியின் மேல் போஜன் கம்பளி போர்த்துவார்.
"அதுக்குக் குளிருதா சார்?"
ஜெசிந்தா சிரிப்பாள். அவருக்குக் கோபம் வரும்.
அவளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் விடை வேண்டும்,
பதினோராம் படுக்கையில் ஒருவர் காத்திருக்கிறார்.
அவருக்கு மூன்று முறை செய்து
மூன்றும் ஒத்துவர வேண்டும்.
இரண்டும் சரி என்பதுதான்
எங்கள் சண்டையில் தொல்லை.

முந்தைய பதினாறும் தட்டிலேயே செத்துப்போயின.
பதினேழு ஒட்டிக்கொண்டது.
பதினோராம் நாள் போஜன் ஒன்றும் பேசாமல்
மைக்ராஸ்கோப் முன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
"நல்லா வளருது" என்றார்,
கேரட் பாத்தி முன் நிற்பவர் போல.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
இங்கே நன்றாக வளர்வதுதான்
அங்கேயும், மிச்சத்திலிருந்து.

குடுவையில் ஊற்றும் நீர் இளஞ்சிவப்பு.
செல்கள் தின்னத் தின்ன மஞ்சளாகும்.
மஞ்சள் கண்டால் எனக்கு நிம்மதி:
உயிரோடிருக்கிறது, பசிக்கிறது.
ஜெசிந்தா கண்ட மஞ்சள்
வீரமலையின் கண்ணில், நகத்தடியில்,
கடைசி வாரம் தலையணை உறையில்.

ஐப்பசி அடைமழையில் போய்விட்டார்.
லயத்துக்குப் போன ஜெசிந்தா
மதியம் திரும்பினாள். செருப்பெல்லாம் செம்மண்.
அன்று தீனி மாற்றும் நாள்.
செல்லுக்கு யார் போய்ச் சொல்வது?
குடுவை மஞ்சளாகக் காத்திருந்தது.

"நான் ஊத்தட்டுமா?"

அந்த ஸ்டூலை விட்டு
போஜன் இன்னொருவருக்காக எழுந்ததை
ஒன்பது வருஷத்தில் அன்றுதான் கண்டேன்.
பழையதை உறிஞ்சி எடு.
செல் மேல் நேராக ஊற்றாதே.
சாய்த்து, சுவரோடு, மெல்ல.
அவர் சொல்லச் சொல்ல அவள் ஊற்றினாள்.
கை நடுங்கியது,
ஈரக்குலையை அறுக்கும்போது நடுங்காத கை.

மருந்து வைத்த வரிசையில்
மூன்றாம் குழியில் மட்டும் செல்கள் உதிர்ந்து கிடந்தன.
ஒரே ஒரு குழி.
"மறுபடி செய்யணும்" என்றார் போஜன்.
அவள் வாதாடவில்லை.
வெள்ளிக்கிழமை என்றும் சொல்லவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கே. பதினேழு. மணி நான்கு பத்து.
ஊற்றியவர் ஜெ.
அடுத்த தீனி புதன்.